பூச்சுக் கூலியும் அடுத்த கொத்தனாரும்

வீடு கட்டுகிறவர் பூச்சு வேலைக்கு வந்து சேரும்போது கையிலிருக்கும் பணமும் மனதிலிருக்கும் பொறுமையும் பாதிக்குமேல் தீர்ந்திருக்கும். அஸ்திவாரம், தூண், கூரை கான்கிரீட் என்று பெரிய செலவுகள் முடிந்து, சுவர் எழும்பி நின்ற பிறகுதான் பூச்சு. அதனால் அந்தக் கட்டத்தில் முதலில் எழும் கேள்வி, “சதுர அடிக்கு எவ்வளவு?” தமிழ்நாட்டில் இன்று இதற்குக் கிடைக்கும் பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது, ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. ஏறிய பிறகும் சொன்ன தேதிக்கு ஆள் வருவதில்லை. வருகிற கொத்தனாருக்கு நாற்பது, ஐம்பது வயதாகிறது. அவரோடு கரணை பிடிக்கப் பழகும் இருபது வயதுப் பையனைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. கூலி ஏறினால் ஆட்கள் வருவார்கள் என்பது சந்தை பற்றிய பொதுவான நம்பிக்கை. பூச்சு வேலையில் அது பலிக்கவில்லை. அதற்கான காரணங்களில் பெரிய ஒன்று, நாம் அந்தக் கூலியைக் கணக்கிடும் முறைக்குள்ளேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

விலை பேசும் வழிகள் மூன்று. நாள் சம்பளத்துக்கு ஆள் வைப்பது பழைய வழி: கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று மாலையில் எண்ணிக் கொடுத்துவிடுவது. இரண்டாவது, சதுர அடிக்கோ, நூறு சதுர அடி கொண்ட ‘சதுரத்துக்கோ’ கூலி மட்டும் பேசுவது. சிமெண்டும் மணலும் வீட்டுக்காரர் பொறுப்பு. மூன்றாவது, பொருளோடு சேர்த்து ஒப்பந்தம். நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் இன்று பெரும்பாலும் இரண்டாவது வழிதான். வரிக் கணக்கும் அதற்குச் சாதகமாக இருக்கிறது. தனி வீடு ஒன்றைக் கட்ட, கூலிக்கு மட்டும் எடுக்கும் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளோடு எடுத்தால், பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் 18 சதவீதம் வரி சேர்க்க வேண்டும்.

சதுர அடிக் கணக்கு பார்வைக்குத் தெளிவானது. ஆனால் சண்டை தொடங்குவது டேப்பைப் பிடிக்கும்போதுதான். “கதவு இருக்கிற இடத்தையும் சேர்த்து அளந்துவிட்டார்” என்பது வீட்டுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை. இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200-இன் 12-ஆம் பகுதி பூச்சு வேலையை எப்படி அளப்பது என்று சொல்கிறது. அரைச் சதுர மீட்டருக்குள் இருக்கும் திறப்புகளுக்குக் கழிவே கிடையாது. அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை உள்ளவற்றுக்குச் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியே அளந்து சேர்க்க வேண்டும். மூன்றரைக்கு ஏழடி வாசற்கதவு இரண்டேகால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். நாலுக்கு நாலடி ஜன்னல் ஒன்றரைச் சதுர மீட்டர். ஆக, சாதாரண வீட்டின் கதவு ஜன்னல் எல்லாமே நடு வகைக்குள் வந்துவிடுகின்றன. ஒரு பக்கம் மட்டும் கழிப்பதன் நியாயம், ஜன்னல் ஓரத்தை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்தடி நீளச் சுவரை வேகமாக இழுத்து முடிக்கும் கொத்தனார், நான்கு ஜன்னல் ஓரங்களுக்கு அரை நாளைக் கொடுக்கிறார். இந்த ஒரு விதியை முன்கூட்டியே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பாதி மனக்கசப்பு குறையும். சன்ஷேடு விளிம்பு, குரூவ், கைப்பிடிச் சுவரின் தலைப்பு போன்றவற்றை ரன்னிங் அடியில் தனியாகப் பேசுவதும் இதே காரணத்தால்தான்.

அளவைவிடச் சிக்கலானது கனம். அனுபவமுள்ள மேஸ்திரி தொலைபேசியில் ரேட் சொல்ல மாட்டார். “சுவரைப் பாத்துட்டுத்தான் சார் சொல்லணும்” என்பார். வந்ததும் மேலே ஆணி அடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். மேலே நூலுக்கும் செங்கலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். கீழே வரும்போது மூன்று விரல் நுழைந்தால் கட்டுவேலை சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சாய்வை நேராக்கும் பொறுப்பு இப்போது பூச்சின் தலையில். உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர், ஒன்பது அங்குலச் சுவரின் கரடான பக்கத்துக்கு 15, வெளிச்சுவருக்கு 20 என்பது வழக்கமான கனம். 12 மி.மீ. கனத்தில் நூறு சதுர அடி பூச, ஒன்றுக்கு ஐந்து கலவையில் ஏறக்குறைய 42 கிலோ சிமெண்டும் 5 கன அடி மணலும் போதும். அதுவே 20 மி.மீ. ஆகிவிட்டால் 65 கிலோவும் 8 கன அடியும் ஆகும். பொருள் மட்டும் கூடுவதில்லை. கனமான பூச்சை ஒரே மூச்சில் ஏற்றினால் சரிந்து விழும் அல்லது வெடிக்கும். முதல் பூச்சு இறுகும்வரை காத்திருந்து இரண்டாவது ஏற்ற வேண்டும். சதுர அடிக் கூலியோ இரண்டு சுவருக்கும் ஒன்றுதான். கட்டினவர் செய்த கோணல் பூசுகிறவரின் நாள் கூலியிலிருந்து பிடிக்கப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது. நியாயமான ரேட் என்பது 15 மி.மீ. வரை ஒரு விலை, அதற்குமேல் ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் கூடுதல் என்று இருக்க வேண்டும். பெரிய ஒப்பந்தங்களில் இது எழுதப்படுகிறது. வீட்டு வேலையில் யாரும் கேட்பதில்லை.

கூரை அடிப்பூச்சு வேறு கதை. கனம் பத்து மி.மீ.க்குள்தான் இருக்கும். ஆனால் கான்கிரீட்டின் வழவழப்பைக் கொத்திவிட வேண்டும், சிமெண்ட் பால் அடிக்க வேண்டும், சாரத்தில் நின்று அண்ணாந்தபடியே சாந்தை எறிந்து ஒட்டவைக்க வேண்டும். எறிந்ததில் ஒரு பங்கு கண், கழுத்து, நெஞ்சு என்று திரும்பி விழும். ஈர சிமெண்டிலுள்ள குரோமியம் தோலைப் புண்ணாக்கும். விரலிடுக்கு வெடித்திருக்கும் கொத்தனார்களைப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதாகச் சொல்வார்கள். ஐம்பது வயதுக்கு மேல் தோள் தூக்க முடியாமல் கூரை வேலையை மறுப்பவர்கள் நிறைய. அவர்களுக்குப் பதிலாகச் சாரம் ஏறத்தான் இளைஞர் தேவைப்படுகிறார்.

இனி கூலிக் கணக்குக்கு வருவோம். ஒரு கொத்தனார் ஒரு சித்தாளோடு சேர்ந்து நாளொன்றுக்கு எட்டிலிருந்து பத்து சதுர மீட்டர், அதாவது நூறு சதுர அடி அளவுக்கு உள்சுவர் பூசுவார் என்பது மதிப்பீட்டாளர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு. உதாரணத்துக்கு, கொத்தனாருக்கு 1,200 ரூபாய், சித்தாளுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 2,000. நூறால் வகுத்தால் சதுர அடிக்கு 20 ரூபாய். பல மேஸ்திரிகள் மனக்கணக்காக இதைத்தான் போடுகிறார்கள். ஆனால் மழை பெய்தால் வெளிச்சுவர் நிற்கும். எலக்ட்ரீஷியன் பைப் பதித்து முடிக்காவிட்டால் உள்சுவர் நிற்கும். மணல் லாரி வராத நாள் உண்டு. மாதத்தில் 26 நாளுக்கு ஆளைப் பிடித்து வைத்தாலும் முழு வேலை நடப்பது இருபது நாள்தான் என்றால், அதே கூலியைக் கொடுக்க சதுர அடிக்கு 26 ரூபாய் வேண்டும். இதில் சாரத்து வாடகை சேரவில்லை. சைட்டுக்கு வந்துபோகும் பெட்ரோல் சேரவில்லை. தூணும் சுவரும் சேரும் இடத்தில் கம்பிவலை அடிக்கும் நேரம் சேரவில்லை. கடைசி பில்லில் “பெயிண்ட் முடியட்டும், பார்க்கலாம்” என்று நிறுத்திவைக்கப்படும் தொகையும் சேரவில்லை. இத்தனையும் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்றைக் கழித்தாக வேண்டும். முதலில் கழிவது மேஸ்திரியின் சொந்தக் கூலி. அடுத்துக் கழிவது கற்றுக்கொள்ள வந்த பையன்.

பையன் எப்படிக் கழிகிறான் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் அங்கேதான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. நாள் சம்பள முறையில் வேலை பழகுவதற்கு ஒரு படிவரிசை இருந்தது. சில மாதம் மணல் சலிப்பான், கலவை போடுவான். பதம் தெரிந்த பிறகு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கொத்தனாரின் கரணையை எடுத்து ஏதாவது ஒரு மூலையில் எறிந்து பார்ப்பான். பிறகு டைல்ஸ் ஒட்டப்போகும் குளியலறைச் சுவர், பரணின் உட்பக்கம், மாடிப்படிக்கு அடி என்று கண்ணில் படாத இடங்கள் அவனுக்குக் கிடைக்கும். கோணலானால் கொத்தனார் மட்டக்கட்டையால் இழுத்துச் சரிசெய்வார். ஒரு சுவரில் புள்ளி வைத்துக் கனம் பிடிக்க, சாந்து எந்த நேரத்தில் தேய்ப்புக்கு வரும் என்று விரலை வைத்துச் சொல்ல, மாலையில் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அலை தெரிகிறதா என்று பார்க்க அவனுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும்.

சதுர அடி ரேட்டில் இந்த வரிசையின் ஒவ்வொரு படியும் நஷ்டம். குளியலறைச் சுவருக்கும் அடிக்குத்தான் காசு. பையன் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் குழுவின் கூலி அங்கே குறைகிறது. நம் உதாரணத்தோடு ஒருவரைச் சேர்த்துப் பார்க்கலாம். பழகும் பையனுக்கு 500 ரூபாய். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதால் நூறு சதுர அடி தொண்ணூறாகக் குறைகிறது. இப்போது 2,500-ஐத் தொண்ணூறால் வகுத்தால் சதுர அடிக்கு கிட்டத்தட்ட 28 ரூபாய். இருபதுக்கும் இதற்கும் எட்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். இருபது சொல்கிறவரும் இருபத்தெட்டு சொல்கிறவரும் ஒரே வாசலில் நின்றால் வேலை யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. பையனைச் சேர்க்காத மேஸ்திரிக்கே ஒவ்வொரு வேலையும் கிடைக்கிறது. இப்படி ஒரு தலைமுறை ஓடிவிட்டது. ஆளில்லை என்று இன்று புலம்பும் நாம்தான் ஒவ்வொரு வீட்டிலும் மலிவான ரேட்டைத் தேர்ந்தெடுத்து, ஆள் உருவாகாமல் பார்த்துக்கொண்டோம்.

இளைஞர்கள் வராததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பிறப்பு விகிதமும் நாட்டிலேயே மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் ஒன்று இது. கொத்தனார் மகன் கல்லூரிக்குப் போகிறான் என்றால் அது அந்தக் குடும்பத்தின் வெற்றி. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமே உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. தரவும் வேண்டும். ஆனால் படித்து முடித்த எல்லோரும் மேசை வேலையில் உட்கார்வதில்லை. உணவு விநியோகத்துக்குப் போகிறார்கள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்கிறார்கள். கையில் கிடைப்பது நல்ல கொத்தனாரின் மாத வருமானத்தைவிடக் குறைவாக இருக்கும்போதுகூட அங்கே போகிறார்கள். அங்கே சீருடை உண்டு, வங்கிக் கணக்கில் விழும் சம்பளம் உண்டு. “டேய், இங்க வா” என்று இன்ஜினியர் கூப்பிடுவது இல்லை. பெண் பார்க்கப் போகும்போது சொல்லிக்கொள்ள ஒரு கம்பெனிப் பெயர் இருக்கிறது. பூச்சு வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பதை எத்தனையோ அம்மாக்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

இதே இளைஞர்கள் சிங்கப்பூர் என்றால் கரணை பிடிக்கத் தயாராகிறார்கள். சிங்கப்பூரின் கட்டடத் துறை ஆணையம் நடத்தும் திறன் தேர்வுகளுக்கான மையங்கள் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. கடன் வாங்கிப் பணம் கட்டி, வாரக்கணக்கில் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதிப் போகிறார்கள். அங்கே இந்தத் திறனுக்கு ஒரு சான்றிதழும், அதற்கேற்ற சம்பளமும் இருக்கின்றன. வேலையின் கடினம் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான்.

காலியான இடத்தை இப்போது நிரப்புவது பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்கண்டிலிருந்து வரும் தொழிலாளர்கள். காரணத்தை ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேடே சொல்கிறது. 2021-22-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 837.7 ரூபாய், தமிழ்நாட்டில் 478.6, மத்தியப் பிரதேசத்தில் 266.7, நாட்டின் சராசரி 373.3. கூலி குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஆள் வருவது இயல்பு. நம் கொத்தனார்கள் கேரளத்துக்குப் போனதும் அதே வழியில்தான். வந்தவர்கள் நம் கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை; அவர்கள் இல்லாவிட்டால் சென்னை, கோவை, திருப்பூரில் பாதிக் கட்டடங்கள் செங்கல் தெரியத்தான் நிற்கும். 2020 ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பியபோது அதைக் கண்டோம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பலர் ரயில் ஏறியபோது மீண்டும் கண்டோம். வருகிறவர்களை நம்பி மட்டும் ஒரு தொழிலை நடத்தினால் ஒரு வதந்திக்கே அது நின்றுபோகும். அவர்கள் ஊரிலும் கூலி ஏறும், அவர்கள் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போவார்கள்.

ஆள் குறைந்தால் தொழில்நுட்பம் வரும் என்கிறார்கள். வந்திருக்கிறது. அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சில் சுவரையே கான்கிரீட்டாக ஊற்றினால் பூச்சே தேவையில்லை. பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிடலாம். உட்புறத்துக்கு ஜிப்சம் பூச்சு பரவியிருக்கிறது. தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டாம், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆனால் கலந்த அரை மணி நேரத்துக்குள் இறுகிவிடும் என்பதால் தடுமாறும் கைக்கு அதில் இடமில்லை. ஈரம் படும் குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் அது ஆகாது. தனி வீடு, பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது, காரைக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்குக் கரணைதான் வேண்டும்.

எல்லோரும் ஆளில்லை என்று சொல்லும் அதே சைட்டில் ஆள் நின்றுகொண்டிருக்கிறார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. பாண்டுச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்துக்குக் கீழே நிற்கும் சித்தாள் பெண்தான் அவர். இருபது வருடம் கலவை போட்டவர். சாந்து எந்தப் பதத்தில் ஒட்டும், எப்போது தண்ணீர் கூடிவிட்டது என்று கைவைத்த நொடியில் சொல்வார். பல கொத்தனார்கள் அவரைக் கேட்டுத்தான் அடுத்த கலவைக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ஆனாலும் கரணை அவர் கைக்குப் போவதில்லை. நேற்று வந்த பையன் கொத்தனார் ஆகிவிடுவான். அவர் கடைசிவரை சித்தாள்தான், அதுவும் பெரியாளைவிடக் குறைந்த கூலிக்கு. பெண்களால் ஆகாது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஜார்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தின்போது ‘ராணி மிஸ்திரி’ என்ற பெயரில் ஏராளமான பெண்கள் கொத்தனார்களாகப் பயிற்சி பெற்று வேலை செய்தார்கள். கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூரிலுள்ள அர்ச்சனா மகளிர் மையம் பல ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கட்டுவேலை கற்பித்துவருகிறது. தமிழ்நாட்டில் இந்தப் பெண்களுக்குத் தேவைப்படுவது அடிப்படையிலிருந்து தொடங்கும் பயிற்சியல்ல. பாதி வேலை ஏற்கெனவே தெரிந்தவர்கள். சில மாதம் கூலி குறையாமல் சுவரில் கைபழக இடம் கொடுத்தால் போதும்.

அந்தச் சில மாதக் கூலியை யார் கொடுப்பது? முன்பு பார்த்த எட்டு ரூபாய்க்கே திரும்புவோம். ஆயிரம் சதுர அடி வீட்டில் உள், வெளி, கூரை எல்லாம் சேர்த்துப் பூசும் பரப்பு நாலாயிரம் சதுர அடி என்று கொண்டால், பழகுகிறவர் ஒருவரைச் சேர்ப்பதால் கூடும் செலவு சுமார் 31,000 ரூபாய். அந்த வீட்டின் கட்டுமானச் செலவு 23 லட்சம் என்றால், ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. நேரடியாக வீட்டுக்காரர் தலையில் வைத்தால் கனமாகத்தான் தெரியும். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் ஏற்கெனவே ஒரு வரி கட்டிவந்திருக்கிறார்கள். 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களின் கீழ், கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலவரியாக வசூலாகிவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1994-இல், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்துவிட்டது. நாடு முழுவதும் இந்த வரியாக 37,400 கோடி ரூபாய்க்குமேல் வசூலாகி, சுமார் 9,500 கோடி மட்டுமே செலவானதை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி வருந்தியது. ஓய்வூதியம், விபத்து உதவி, கல்வி உதவி எல்லாம் குறையாமல் தொடர வேண்டும். அதற்கு மேல் மிஞ்சும் பணத்தில், பழகுகிறவரைச் சேர்த்துக்கொள்ளும் மேஸ்திரிக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஈடு கொடுக்க முடியும்.

பிரிட்டனில் 1964 முதல் கட்டுமான நிறுவனங்களிடம் பயிற்சி வரி வாங்கி, பயிலுநரை வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு மானியமாகத் திருப்பித் தரும் வாரியம் செயல்படுகிறது. அங்கேயும் ஆள்பற்றாக்குறை தீர்ந்துவிடவில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கும் செலவு, கற்றுக்கொடுக்கிறவர் தலையில் மட்டும் விழக் கூடாது என்ற அளவுக்காவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் 1961-இன் பயிலுநர் சட்டமும், 2016-இல் வந்த தேசியப் பயிலுநர் ஊக்குவிப்புத் திட்டமும் இருக்கின்றன. இரண்டும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நான்கு பேரோடு ஊர் ஊராகப் போகும் மேஸ்திரி அவற்றுக்குள் வருவது அரிது. ஐடிஐ-களில் கொத்தனார் பயிற்சி இருக்கிறது. ஓராண்டு முடித்து வருகிறவர் சைட்டில் இன்னும் ஓராண்டு பழகியாக வேண்டும், அந்த ஓராண்டுக்குச் சதுர அடி ரேட்டில் யாரும் கூலி ஒதுக்கியிருப்பதில்லை.

அரசு செய்யும்வரை வீடு கட்டுகிறவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ரேட் கேட்கும்போது உள்சுவர், வெளிச்சுவர், கூரை மூன்றுக்கும் தனித்தனியே கேட்கலாம். எத்தனை மி.மீ. கனம் வரை அந்த விலை என்று எழுதி வாங்கலாம். மழையாலோ நம் தாமதத்தாலோ ஆள் சும்மா நிற்கும் நாளுக்கு அரைக் கூலி என்று ஒப்புக்கொள்ளலாம். குழுவில் பழகுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டு, குளியலறையையும் பரணையும் அவருக்கு விட்டு, அந்தப் பரப்புக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கலாம். ஐந்நூறு, அறுநூறு சதுர அடிக்குள்தான் வரும். சதுர அடிக்கு எட்டு ரூபாய் கூட்டினாலும் ஐயாயிரத்தைத் தாண்டாது. மேஸ்திரிகளும் தங்கள் பங்குக்கு, ‘எல்லாம் சேர்த்து இருபது’ என்று ஒரே எண்ணாகச் சொல்வதை நிறுத்திவிட்டு, கூலி, சாரம், காத்திருப்பு, பழகுகிறவர் என்று பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். பிரித்துக் காட்டினால்தான் பேரத்தில் எது வெட்டப்படுகிறது என்று வெட்டுகிறவருக்கும் தெரியும்.

பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலைவிகிதப் பட்டியலில் முதல் வகைக் கொத்தனார், இரண்டாம் வகைக் கொத்தனார், மஸ்தூர் என்று கூலி வரிசை இருக்கிறது. தனியார் ஒப்பந்தக்காரர்கள்கூட அதைப் பார்த்துத்தான் தங்கள் மதிப்பீட்டைத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையில் ‘பயிலும் கொத்தனார், ஆண் அல்லது பெண்’ என்று ஒரு வரி சேர்ந்தால், அடுத்து எழும் அரசுப் பள்ளிக் கட்டடத்தின் மதிப்பீட்டிலேயே அந்தக் கூலி இடம்பெறும். ஒப்பந்தக்காரர் அதைக் கேட்டு வாங்கவும் முடியும்.